முதல் மொழியின் சொல்வரிசை: ஓர் இயற்பியலறிஞரின் கணக்கு சரிதானா?

'கண்ணன் மாம்பழத்தைத் தின்றான்.' இச்சிறு வாக்கியத்தில் எழுவாய், செயப்படுபொருள், வினை என மூன்று உறுப்புகள் உள்ளன. மூன்று பொருள்களை ஆறு வகையாக வரிசைப்படுத்தலாம் என்பது பள்ளிக் கணக்கிலேயே நாம் படித்ததுதான். உலக மொழிகள் இந்த ஆறு வகைகளையும் கையாள்கின்றன. ஆனால் ஆறையும் சம அளவில் கையாளவில்லை. ஏன்? மனித இனம் முதன்முதலில் பேசிய மொழி இவற்றுள் எந்த வரிசையைப் பின்பற்றியது?

இக்கேள்விகளுக்கு விடை கூற முன்வந்தவர்களுள் ஒருவர், இயற்பியல் மாணவர்கள் அனைவரும் பெயரறிந்த மர்ரே கெல்-மான். 1964-ஆம் ஆண்டில் குவார்க்குகள் பற்றிய கொள்கையை வெளியிட்டவர், 1969-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசைப் பெற்றவர், 2019-இல் மறைந்தார். அவரும் மெரிட் ரூலன் என்ற மொழியியலாரும் சேர்ந்து எழுதிய 'சொல்வரிசையின் தோற்றமும் படிமலர்ச்சியும்' என்னும் ஆய்வுக் கட்டுரை 2011-ஆம் ஆண்டில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. உலக மொழிகள் எல்லாம் ஒரே தாய்மொழியிலிருந்து பிறந்திருந்தால், அத்தாய்மொழி நம் தமிழைப் போலவே வினையை இறுதியில் வைத்துப் பேசிய மொழியாகத்தான் இருந்திருக்கும் என்பது அக்கட்டுரையின் முடிவு.

தமிழ் வாசகர்களின் காதில் இனிமையாக ஒலிக்கும் முடிவு இது. இனிமையாக ஒலிப்பதாலேயே இதைச் சற்றுக் கவனமாக எடைபோட வேண்டும்.

ஆறு வரிசைகள்

எழுவாயை 'எ' என்றும், செயப்படுபொருளைச் 'செ' என்றும், வினையை 'வி' என்றும் குறிப்போம். தமிழின் வரிசை எ-செ-வி. ஜப்பானியம், துருக்கி, ஸ்பெயின் நாட்டின் பாஸ்க், தென் அமெரிக்காவின் கெச்சுவா ஆகியனவும் இவ்வரிசையினவே. ஆங்கிலமும் சீனமும் 'கண்ணன் தின்றான் மாம்பழத்தை' என்னும் எ-வி-செ முறையைச் சார்ந்தவை. அயர்லாந்தின் ஐரிஷும் செவ்வியல் அரபியும் 'தின்றான் கண்ணன் மாம்பழத்தை' என வினையில் தொடங்குகின்றன, இது வி-எ-செ. மடகாஸ்கர் தீவின் மலகாசி மொழி 'தின்றான் மாம்பழத்தைக் கண்ணன்' என்கிறது, இது வி-செ-எ.

எஞ்சிய இரண்டும் மிக அரியவை. 1963-இல் ஜோசப் கிரீன்பர்க் 30 மொழிகளை ஆராய்ந்து, சொல்வரிசை பற்றிய புகழ்பெற்ற பொதுவிதிகளை வெளியிட்டார். எழுவாய் பெரும்பாலும் எப்போதும் செயப்படுபொருளுக்கு முன்பே வரும் என்பது அவற்றுள் முதலாவது. பின்னர் 1977-இல், பிரேசிலின் ஹிக்ஸ்காரியானா மொழி 'மாம்பழத்தைத் தின்றான் கண்ணன்' என்னும் செ-வி-எ வரிசையைக் கொண்டது என டெஸ்மண்ட் டெர்பிஷயர் காட்டியபோது மொழியியலார் வியப்படைந்தனர். செ-எ-வி வரிசைக்கும் அதே நாட்டின் நதேப் போன்ற ஒரு சில மொழிகள் சான்றாக உள்ளன.

கட்டுரை கூறுவது என்ன?

கெல்-மானும் ரூலனும் 2135 மொழிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வகைப்படுத்தினர். அவர்கள் தரும் எண்ணிக்கை இது:

எ-செ-வி: 1008
எ-வி-செ: 770
வி-எ-செ: 164
வி-செ-எ: 40
செ-வி-எ: 16
செ-எ-வி: 13
கலப்பு: 124

முதல் இரண்டு வகைகளே நூற்றுக்கு 83 பங்கை எடுத்துக்கொள்வதைக் காண்கிறீர்கள். இவ்வெண்ணிக்கையை மொழிகளின் குடும்ப மரத்தில் பொருத்திப் பார்த்து அவர்கள் நான்கு முடிவுகளுக்கு வருகிறார்கள். முதலாவது, ஆதிமொழியின் வரிசை எ-செ-வி. இரண்டாவது, அண்டை மொழிகளின் தாக்கத்தை நீக்கிவிட்டால், மாற்றம் பெரும்பாலும் ஒரே திசையில் நிகழ்கிறது: எ-செ-வி மொழி எ-வி-செ ஆகும், அது பின்னர் வினைமுதல் மொழியாகலாம், வினைமுதல் மொழி சில வேளை எ-வி-செ நிலைக்குத் திரும்பலாம், ஆனால் எ-செ-வி நிலைக்குத் திரும்புவது அண்டை மொழியின் தாக்கத்தால் மட்டுமே. மூன்றாவது, அத்தகைய தாக்கம் முக்கியமானதே எனினும் தலையாய காரணம் அன்று. நான்காவது, அரிய வகைகளான செ-வி-எ, செ-எ-வி இரண்டும் எ-செ-வி வகையிலிருந்து நேரே பிறந்தவை.

பாராட்ட வேண்டியவை

குறை காணுமுன் நிறையைச் சொல்லிவிடுவது முறை. ஒரு பெரிய கேள்வியைச் சில பக்கங்களில், எண்ணிக்கையோடு, மறுத்துரைக்க இடமளிக்கும் வகையில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். 'இன்ன மாற்றம் நிகழும், இன்னது நிகழாது' என்று திட்டவட்டமாகக் கூறுவதே அறிவியலுக்கு அழகு. மேலும், அவர்கள் சொல்லும் திசைக்கு வரலாற்றுச் சான்று உண்டு. இலத்தீன் பெரும்பாலும் வினையை இறுதியில் வைத்தது. அதன் வழித்தோன்றல்களான பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகியவை வினையை நடுவில் வைக்கின்றன. எழுத்துச் சான்றோடு கண்முன் நிற்கும் மாற்றம் இது.

ஆயினும், இக்கட்டுரையின் வாதத்தை ஓர் இயற்பியல் சோதனையின் அறிக்கையைத் திருத்துவதுபோலப் படித்தால் நான்கு இடங்களில் நாம் நிறுத்தக் குறி போட வேண்டியிருக்கிறது.

அளவையே ஐயத்துக்குரியது

எந்தச் சோதனையிலும் முதற்கேள்வி, எதை அளந்தோம் என்பது. ஒரு மொழிக்கு ஒரே ஓர் 'அடிப்படை வரிசை' உண்டு என்று கொண்டால்தான் மேற்கண்ட பட்டியல் பொருளுடையதாகும். ஜெர்மன் மொழியைப் பாருங்கள். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும்; துணை வாக்கியத்தில் இறுதிக்குப் போய்விடும். ஆஸ்திரேலியாவின் வால்பிரி மொழியிலோ சொற்களை ஏறக்குறைய விரும்பியபடி அடுக்கலாம். இவற்றை எந்தப் பெட்டியில் போடுவது?

மேத்யூ டிரையர் தொகுத்த உலக மொழி அமைப்புப் படத்தொகுதியின் பட்டியலை ஒப்பிடுவோம். அதில் ஏறத்தாழ 1377 மொழிகள் உள்ளன. 565 மொழிகள் எ-செ-வி. 488 மொழிகள் எ-வி-செ. 189 மொழிகளுக்கு ஓங்கிய வரிசை எதுவும் இல்லை என்கிறார் டிரையர். ஜெர்மன் இந்த மூன்றாம் கூட்டத்தில்தான் இருக்கிறது. விழுக்காட்டில் சொன்னால், கெல்-மான் பட்டியலில் எ-செ-வி 47. டிரையர் பட்டியலில் 41. முன்னதில் 'கலப்பு' 6 விழுக்காடு. பின்னதில் ஓங்கிய வரிசையில்லாதவை 14 விழுக்காடு. எடுத்துக்கொண்ட மொழிகளும் வகைப்படுத்தும் விதியும் மாறும்போது விடையும் மாறுகிறது. பெரும்போக்கு இதனால் கெட்டுவிடாது என்பது உண்மையே. ஆனால், அளவின் பிழை இவ்வளவு என்று குறிக்காமல் முடிவுக்குப் போவதை நம் செய்முறைத் தேர்வில்கூட ஒப்புக்கொள்ள மாட்டோம்.

உறவினர்களை எண்ணலாமா?

ஓர் ஊரில் 100 பேருக்குச் சுருள்முடி என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் 60 பேர் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்று தெரிந்தால், 'இவ்வூர்த் தண்ணீர் முடியைச் சுருளச் செய்கிறது' என்று சொல்வோமா? அந்த 60-ஐ ஒன்றாகத்தானே எண்ணவேண்டும்! இச்சிக்கலைப் பிரான்சிஸ் கால்ட்டன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுப்பினார். பல்வேறு சமூகங்களின் மணமுறைகளை எட்வர்ட் டைலர் எண்ணிக் காட்டியபோது, 'இவற்றுள் எத்தனை தனித்தனியாகத் தோன்றியவை, எத்தனை ஒரே மூலத்தின் படிகள்?' என்னும் கருத்துப்படக் கேட்டார். மொழிகளுக்கும் இக்கேள்வி அப்படியே பொருந்தும். ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகள் நூற்றுக்கணக்கில் உள்ளன, பெரும்பாலும் எ-வி-செ. அவை நூற்றுக்கணக்கான சான்றுகள் அல்ல. ஒரு மூதாதையின் நூற்றுக்கணக்கான படிகள்.

கெல்-மானும் ரூலனும் இதை அறியாதவர்கள் அல்லர். அதனால்தான் தலைகளை எண்ணுவதோடு நில்லாமல் குடும்ப மரத்தைத் துணைக்கழைத்தார்கள். ஆனால் அந்த மரம் எது? திராவிடம், இந்தோ-ஐரோப்பியம் போன்ற குடும்பங்களை ஒலி மாற்ற விதிகளைக் கொண்டு ஐயமின்றி நிறுவியிருக்கிறார்கள். இம்முறை சுமார் 8000 முதல் 10000 ஆண்டுகளுக்கு அப்பால் எட்டாது என்பதே பெரும்பாலான மொழியியலார் கருத்து. அதற்கு மேலே ரூலன் வரையும் பெருங்கிளைகள் அத்தகைய உறுதி பெற்றவை அல்ல. அமெரிக்கக் கண்டங்களின் பெரும்பாலான பூர்வகுடி மொழிகளை ஒரே குடும்பமாக இணைத்து 1987-இல் கிரீன்பர்க் முன்வைத்த 'அமெரிண்ட்' கொள்கையை அத்துறை வல்லுநர்களில் மிகப்பலர் ஏற்கவில்லை. வேர் எங்கே என்பதே வழக்கில் இருக்கும்போது, வேரின் நிறம் இன்னது என்று தீர்ப்பெழுதுவது எப்படி?

ஒருவழிப் பாதையா, இருவழிப் பாதையா?

கட்டுரையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மாற்றம் ஒருவழிப் பாதையானால், இன்றைய நிலையைக் கொண்டு தொடக்கத்தை ஊகிக்கலாம். யுரேனியம் சிதைந்து காரீயமாகிறது; காரீயம் தானே யுரேனியமாவதில்லை. ஆகவே பாறையின் வயதைச் சொல்ல முடிகிறது. ஆனால் பாதை இருவழியானால் என்ன ஆகும்?

ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். இரண்டே வகைகள் உள்ளன என்க. ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை, எ-செ-வி மொழிகளில் நூற்றுக்கு 12, எ-வி-செ ஆக மாறட்டும். எ-வி-செ மொழிகளில் நூற்றுக்கு 10, எதிர்த்திசையில் மாறட்டும். இவ்வெண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. முதல் உலகில் தொடக்கத்தில் எல்லா மொழிகளும் எ-செ-வி. ஆயிரம் ஆண்டில் அது 88 விழுக்காடாகும்; இரண்டாயிரத்தில் 78.6, பத்தாயிரத்தில் 50. இரண்டாம் உலகில் தொடக்கத்தில் ஒரு மொழிகூட எ-செ-வி இல்லை. அங்கே அது ஆயிரம் ஆண்டில் 10 விழுக்காடு; இரண்டாயிரத்தில் 17.8, பத்தாயிரத்தில் 41.7. இருபதாயிரம் ஆண்டில் முதல் உலகில் 45.8, இரண்டாம் உலகில் 45.1. இரண்டும் 45.5 என்னும் ஒரே எண்ணை நெருங்குகின்றன. தாளும் பேனாவும் எடுத்து நீங்களே சரிபார்க்கலாம். ஒவ்வோர் ஆயிரம் ஆண்டுக்கும் இரு உலகங்களின் இடைவெளி 0.78 மடங்காகக் குறைந்துகொண்டே வரும்.

இதன் பொருளைக் கவனியுங்கள். இருவழிப் பாதை உள்ள அமைப்பு தன் தொடக்கத்தை மறந்துவிடும். மேசைமேல் ஆறிக் கிடக்கும் தேநீரின் வெப்பநிலையை அளந்து, அது எந்தச் சூட்டில் இறக்கப்பட்டது என்று சொல்ல இயலுமா? 45 விழுக்காடு மொழிகள் இன்று எ-செ-வி வகையாக இருப்பது, பெயர்ச்சி விகிதங்களை நமக்குக் காட்டலாம். ஆதிமொழியைக் காட்டவேண்டிய கட்டாயமில்லை.

'எதிர்த்திசை மாற்றம் அண்டை மொழியின் தாக்கத்தால் மட்டுமே நிகழ்கிறது. இயல்பாக நிகழ்வதில்லை' என்பது கெல்-மான், ரூலன் தரும் விடை. நல்ல எடுத்துக்காட்டுகளும் உண்டு. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் செமித்தியக் குடும்பத்தது. குஷித்திய மொழிகளின் அண்மையால் வினையை இறுதிக்குத் தள்ளியது. பண்டைய மெசபொட்டேமியாவில் அக்காதியம் சுமேரியத்தின் தாக்கத்தால் அவ்வாறே மாறியது.

ஆனால் எல்லா நேர்வுகளும் இவ்வளவு தெளிவானவை அல்ல. நம் நாட்டிலேயே ஒரு சான்று உள்ளது. சந்தாலி, முண்டாரி முதலிய முண்டா மொழிகள் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வினையை இறுதியில் வைப்பவை. அதே குடும்பத்தைச் சேர்ந்த மேகாலயாவின் காசி மொழியும், கம்போடியாவின் கெமரும், வியட்நாமியமும் வினையை நடுவில் வைக்கின்றன. இந்திய மண்ணில் அண்டை மொழிகளைப் பார்த்து முண்டா மாறியது என்பதே பரவலான விளக்கம். பாட்ரிசியா டோனிகனும் டேவிட் ஸ்டாம்ப்பும் இதை மறுக்கிறார்கள். சொல்லிலும் தொடரிலும் அழுத்தம் விழும் இடம் மாறியதால், முண்டா மொழிகளின் முழு அமைப்புமே உள்ளிருந்து மாறியது என்பது அவர்கள் வாதம். யார் சொல்வது சரி என்பது நம் கேள்வி அன்று. தாக்கமா, உள்மாற்றமா என்பதை வல்லுநர்களே முடிவு செய்ய இயலாத நேர்வுகள் உண்டு என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

இன்னொன்று. உலகில் எ-செ-வி மொழிகளே மிகுதி. ஆகவே எந்த மொழிக்கும் அக்கம்பக்கத்தில் அத்தகைய ஒரு மொழியைத் தேடிப் பிடிப்பது எளிது. 'இது திரும்பி வந்திருக்கிறதே' என்று யாராவது காட்டினால், 'அதோ பக்கத்து வீட்டுக்காரன்' என்று சொல்லிவிடலாம். எதைக் காட்டினாலும் தப்பித்துக்கொள்ளும் கூற்று, வலிமையான கூற்று ஆகாது.

புதிதாகப் பிறந்த வரிசை

நான்காவது ஐயம் எல்லாவற்றிலும் முக்கியமானது. எ-செ-வி வரிசை வழிவழியாக வந்தால்தான் உண்டா? யாரிடமும் பெறாமல் புதிதாகவும் பிறக்குமா?

இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் அல்-சையித் என்னும் பெடுவின் குடியிருப்பில் பிறவிச் செவிடு மிகுதி. அங்கே சென்ற நூற்றாண்டில் ஒரு சைகை மொழி தானாகவே உருவாகி, மூன்று தலைமுறைக்குள் முழு மொழியாக வளர்ந்தது. 2005-இல் வெண்டி சாண்ட்லரும் உடன் ஆய்ந்தோரும் அதை விவரித்தனர். அதன் வரிசை எ-செ-வி! சுற்றிலும் பேசப்படும் அரபியும் ஹீப்ருவும் எ-வி-செ வகையின. எனவே, 'பக்கத்து வீட்டுக்காரன்' விளக்கம் இங்கே எடுபடாது.

2008-இல் சூசன் கோல்டின்-மெடோவும் குழுவினரும் ஒரு சோதனை செய்தனர். ஆங்கிலம், சீனம், ஸ்பானியம், துருக்கி பேசுவோரை வாய் திறவாமல் கையசைவால் மட்டும் நிகழ்ச்சிகளை விளக்கச் சொன்னார்கள். இவற்றுள் துருக்கி மட்டுமே வினையை இறுதியில் வைக்கும் மொழி. ஆயினும் நால்வகையினரும் பெரும்பாலும் 'செய்பவர், செயலுக்கு உள்ளாகும் பொருள், செயல்' என்ற வரிசையிலேயே சைகை காட்டினர்.

வேறு வரிசைகள் தோன்றுவதற்கும் 2013-இல் எட்வர்ட் கிப்சனும் குழுவினரும் ஒரு காரணம் காட்டினர். பெண் பந்தை உதைத்தாள் என்பதில் குழப்பமில்லை. பந்து பெண்ணை உதைக்காது. பெண் பையனை உதைத்தாள் என்பதில் இருவரும் உதைக்கக் கூடியவர்கள். ஒரு சைகை தவறிப்போனால் யார் யாரை என்பது தெரியாது. இத்தகைய நிகழ்ச்சிகளில் ஆங்கிலம் பேசுவோர் செயலை நடுவே வைத்து இருவரையும் இருபுறம் பிரித்து நிறுத்தினார்கள். இரைச்சல் நிறைந்த கம்பியில் செய்தி அனுப்புவது பற்றி 1948-இல் கிளாட் ஷானன் வகுத்த கொள்கையின் வழியில் வந்த விளக்கம் இது. தமிழுக்கு இந்தக் கவலை குறைவு. 'பையனை' என்பதில் உள்ள 'ஐ' உருபு காவல் காக்கிறது.

இச்சான்றுகளைக் கெல்-மானுக்கு ஆதரவாகச் சிலர் எடுத்துக்கொள்வர். நான் அவ்வாறு கருதவில்லை. எ-செ-வி வரிசை மனித மனத்துக்கு எளிதானது என்றால், அது எங்கும் எப்போதும் புதிதாகத் தோன்றக்கூடும். அப்படியானால் அது உலகெங்கும் பரவியிருப்பதற்கு ஒரே தாய்மொழி வேண்டியதில்லை. ஆதிமொழி ஒன்றா பலவா என்ற கேள்விக்கே சொல்வரிசை சாட்சி சொல்லத் தகுதியற்றதாகிவிடும்.

இன்று எங்கே நிற்கிறோம்?

2014-இல் லூக் மாரிட்சும் தாமஸ் கிரிபித்சும் ஏழு மொழிக்குடும்பங்களை நிகழ்தகவு முறையில் ஆராய்ந்தனர். எ-செ-வி வரிசையிலிருந்து எ-வி-செ வரிசைக்கு மாறுவது எதிர்த்திசை மாற்றத்தைவிட மிகுதி என்று கண்டனர். அதாவது, திசை பற்றிய கெல்-மானின் கருத்து பெரும்பாலும் நிற்கிறது. ஏழு குடும்பங்களுக்கும் ஒரு பொது மூதாதை இருந்திருந்தால் அது எ-செ-வி வகையாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றும் கூறினர். ஆனால் உடனேயே, இன்றைய மொழிகளைக் கொண்டு பழைய வரிசையை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதற்கு எல்லை உண்டு என்றும் எழுதினர். முன்னவர்கள் 'மட்டுமே' என்றார்கள். பின்னவர்கள் 'மிகுதி' என்றார்கள். அறிவியலில் இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

கடைசியாக ஒரு சொல். 'ஆதிமொழியின் வரிசையும் தமிழின் வரிசையும் ஒன்று. ஆகவே தமிழே ஆதிமொழி' என்று யாரேனும் மேடையில் முழங்கினால், அவரிடம் ஜப்பானியத்தையும் பாஸ்க்கையும் கெச்சுவாவையும் நினைவூட்டுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் அதே சான்றிதழோடு வரிசையில் நிற்கின்றன. தமிழின் தொன்மைக்குக் கல்வெட்டும் சங்கப் பாடல்களும் சாட்சி. அதற்கு வேண்டாத சாட்சியை அழைத்து வந்தால், குறுக்கு விசாரணையில் வழக்கு கெடுமேயன்றி வலுப்பெறாது.

குவார்க்கைக் கண்ட மனிதர் சொன்னார் என்பதற்காக ஒரு முடிவை ஏற்க வேண்டியதில்லை. அவர் மொழியியல் துறையினர் அல்லர் என்பதற்காகத் தள்ளவும் வேண்டியதில்லை. எதை அளந்தார், எவற்றைத் தனித்தனிச் சான்றாக எண்ணினார், எந்தப் பாதையை ஒருவழி என்று கொண்டார், அதே விளைவு வேறு காரணத்தால் வருமா? இந்நான்கையும் கேளுங்கள். சொல்வரிசைக்கு மட்டுமன்று, நாளிதழில் நீங்கள் காணும் எந்த 'விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு'க்கும் இக்கேள்விகள் பொருந்தும்.